குளிர்ந்த ஏரியில் டைவிங்: எந்த சூட் எடுக்கட்டும்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். கல்லிடைக்குறிச்சி ஆத்துல நீச்சல் படிச்சவன் நான். ஸ்கூபா பழகினது அந்தமான் கடல்ல, 3 மில்லிமீட்டர் வெட் சூட்டோட (உள்ள கொஞ்சம் தண்ணி புகுற ரப்பர் உடுப்பு). தண்ணி 28 டிகிரி. வர்ற ஜூலையில சுவிட்சர்லாந்துல ஜூரிச் ஏரியில இறங்கப் போறேன். அங்க கோடையிலயும் 30 மீட்டர் ஆழத்துல 5, 6 டிகிரிதான். மார்கழி விடியக்காலத்துல தாமிரபரணியில முங்குறதுகூட இதுக்குப் பக்கத்துல வராது.

7 மில்லிமீட்டர் வெட் சூட் விலை கம்மி. ஆனா ஆழம் போகப்போக அதோட நியோப்ரீன் (காத்துக் குமிழி நிறைஞ்ச ரப்பர்) நசுங்கி மெலிஞ்சிரும், சூடு நிக்காது. தண்ணி உள்ள புகாத டிரை சூட்தான் சரின்னு மனசு சொல்லுது. அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். உள்ளே கம்பளி உடுப்பு போதுமா? கையுறை எவ்வளவு தடிமன்? நல்ல தண்ணியில மிதப்பு குறைவு, முங்குறதுக்காக இடுப்புல கட்டுற ஈயக்கட்டி எத்தனை கிலோ குறைக்கணும்? சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொண்டுவர்ற ரெகுலேட்டர் உறைஞ்சிருமோன்னுதான் ரொம்ப பயமா இருக்கு. குளிர்தண்ணியில இறங்கினவங்க சொல்லுங்க.