புதுப்பிப்பு: அந்த இரைச்சல் போய்விட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, பெங்களூர் அல்சூர் பக்கம் தன்னார்வலர்களை வைத்து ஓட்டும் எங்கள் சமுதாய வானொலியில் தமிழ் நிகழ்ச்சி முழுக்க 'ஙொய்ங்' என்று கேட்கிறது என்று, காரணம் கிடைத்துவிட்டது. 100 வாட் டிரான்ஸ்மிட்டர் பாவம், அதன்மேல் தப்பே இல்லை. மைக் கேபிளை லேப்டாப் சார்ஜர் வயரோடு சேர்த்து யாரோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்). பிரித்ததும் அமைதி.

அப்புறம், உள்ளூர்ச் செய்தி வாசிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: சொந்தச் செய்தி கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம். ஆனால் குடிநீர், மின்தடை, தேர்வு அறிவிப்பெல்லாம் செய்திக் கணக்கில் வராது, அதனால் பூ விற்கும் அக்கா ஒருவர் காலையில் காவிரித் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். ஞாயிறு மாலை நிகழ்ச்சி நடத்தத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.