டிம்மில் இடது ஹெட்லைட் மட்டும் மங்கல், எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது

கேள்வி:
ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, வலப்பக்க ஸ்டீயரிங், எச்4 பல்ப் (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்). டிம்மில் இடது லைட் மட்டும் மஞ்சளாக எரிகிறது. இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போட்டும் அதே பக்கம்தான். ரங்கூன்–பெகு ரோட்டில் டிம்மில் போகும்போதே எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள். 100/90 வாட் பல்ப் போடலாமா?

பதில்:
வேண்டாம் அண்ணே. டிம்மில் 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியர் இழுக்கும், 90 வாட் ஏழரை. அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகி, உள்ளே இருக்கும் உலோகப் பின் (pin) தளர்ந்துவிடும்.

பல்ப் மாறியும் பக்கம் மாறவில்லை என்றால் வோல்ட் வழியிலேயே குறைகிறது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, எஞ்சின் ஓட, டிம் எரிய, ஹோல்டருக்குப் பின்னால் முனையை நுழைத்து அளங்க. கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது, முழு வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ் முனைக்கும் நடுவே ஒரு தடவை, மைனஸ் பக்கம் ஒரு தடவை. எங்கே அரை வோல்ட்டுக்கு மேல் வருகிறதோ, கோளாறு அங்கே. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஒன்று கவனம்: பல ஜப்பான் வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்ச் மைனஸ் பக்கம், டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவான முனைக்கு பிளஸ் வரும். எர்த் என்று அதைப் பாடியோடு சேர்த்தால் ஃபியூஸ் போகும்.

இன்னொருவர்:
கண் கூசுவது தனி விஷயம். ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ரோட்டோரம் தெரிவதற்காக டிம் வெளிச்சத்தின் இடது மூலை மேலே ஏறும்படி செய்திருப்பார்கள். பர்மாவில் 1970லிருந்து வலப்பக்கம். எதிர்வண்டி நம் இடப்பக்கம் வருவதால் அந்த மூலை நேரே டிரைவர் கண்ணில் விழுகிறது. சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்திப் பாருங்க, இடது மேலேறுவது தெரியும். சரியான தீர்வு, அதே மாடலின் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கான ஹெட்லைட் செட். அதுவரை சுவரில் வெளிச்சம் மேலே முடிகிற கோட்டின் மட்டமான பகுதியை லைட் நடுவிலிருந்து 5 செ.மீ. கீழே இறக்கி வையுங்க. கூச்சம் குறையும், தீராது. எல்இடி பல்ப் மட்டும் வேண்டாம். ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் சிதறும்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன். மைனஸ் பக்கம் 1.4 வோல்ட். ஹோல்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதுமா?

பதில்:
போதாது, பின்னின் மேல் இருக்கும் முலாம் போய் அடுத்த மழைக்கே திரும்பப் பூக்கும். பீங்கான் ஹோல்டர் மாற்றுங்க. வயரையும் செம்பு பளிச்சென்று தெரிகிற இடம்வரை வெட்டுங்க. பின்னால் இருக்கும் ரப்பர் மூடி வெடித்திருந்தால் தண்ணீர் அந்த வழிதான் வந்திருக்கும், அதையும் சேர்த்து வாங்குங்க. பல்ப் கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போடுங்க.