தம்பிக்கு பஸ் தவிர எதிலும் ஆர்வமில்லை, என்ன படிக்க வைப்பது?

திருப்பூர் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டான். தாராபுரம் பக்கம் ஒரு கிராமம், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான், கம்ப்யூட்டர் - மேத்ஸ் குரூப். கணக்கில் 84, இயற்பியல் 78, வேதியியல் 84. அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நான் பி.காம். முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிறேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, பக்கத்துக் காலேஜில் இடம் கிடைத்தது, சேர்ந்தேன், அவ்வளவுதான். இவனையாவது கேட்டுச் சேர்க்கலாம் என்று ரிசல்ட் வந்த நாளிலிருந்து உட்கார வைத்துக் கேட்கிறேன். என்ன கேட்டாலும் "தெரியலக்கா" என்று ஒரே பதில்.

மாமா "கண்ணை மூடிட்டு சி.எஸ்.இ. போடு" என்கிறார். சித்தப்பா போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடச் சொல்கிறார். அவனுடைய கணக்கு சார் ட்ரிபிள் இ நல்லது என்றாராம். தலையை எல்லாப் பக்கமும் ஆட்டுகிறான்.

அவனுக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பஸ். எட்டாவது படிக்கும்போதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறான், எந்த வண்டி எந்த டிப்போ, எத்தனை மணிக்கு எங்கள் ஸ்டாப்பில் வரும், எந்த நாள் வரவில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குள் படுத்துக்கொண்டே சத்தத்தை வைத்து லேலண்டா டாடாவா என்று சொல்லிவிடுவான். அப்பா "கண்டக்டர் ஆகப் போறியா" என்று திட்டுவார், அதிலிருந்து நோட்டை ஒளித்து வைத்துக்கொள்கிறான். இதை வைத்து ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியுமா, இல்லை இது வெறும் பொழுதுபோக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:

கண்ணு, முதலில் ஒன்று. "என்ன ஆகணும்னு நினைக்கிற" என்ற கேள்வியை நிறுத்து. அரசுப் பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு வந்த பதில்களைக் கேட்டிருக்கிறேன்: டீச்சர், டாக்டர், கலெக்டர், போலீஸ், இப்போது ஐ.டி. ஏன் இந்த ஐந்து மட்டும்? கிராமத்துப் பிள்ளை கண்ணால் பார்த்த வேலை அவ்வளவுதான். கலெக்டரைக்கூட குடியரசு தின விழாவில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கும். மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல் என்று ஒரு வேலை இருக்கிறது, அதில் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்வார்கள் என்று யார் போய்க் காட்டினோம்? பார்க்காததை எப்படிப் பிடிக்கும் என்று சொல்லுவான்? அவன் "தெரியலக்கா" என்பது சோம்பேறித்தனம் இல்லை, உண்மையைத்தான் சொல்கிறான்.

அதனால் அவனைக் கேட்பதைவிட அவனுக்குக் காட்டு. இந்த ஒரு மாதத்தில் நான்கைந்து வேலையிடங்களுக்குக் கூட்டிப் போ, உன் கம்பெனியையே முதலில் காட்டு. அங்கே சேம்பிள் செக்‌ஷன், டெஸ்டிங் லேப், ஷிப்பிங் டாகுமெண்ட் போடுகிறவர் எல்லாரும் இருப்பார்கள் இல்லையா. அவர்களிடம் "வேலை எப்படி" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். நேற்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல். அப்போதுதான் வேலை தெரியும்.

அரசாங்கத்தில் நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று 2022-லிருந்து வழிகாட்டும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன, 14417-க்குப் போன் செய்தும் கேட்கலாம். எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும், ஆனால் உன் தம்பிக்கு எது ஒத்துவரும் என்பதை மேடையிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், அந்த நோட்டை ஒளிக்க விடாதே. யாரும் சொல்லாமல் நாலு வருஷம் ஒரு பையன் ஒரு காரியத்தை விடாமல் செய்கிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

கரூர் பாடி ஷெட்:

தங்கச்சி, பஸ் என்றதும் உள்ளே வந்துவிட்டேன், நான் கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் டிசைன் பக்கம் இருக்கிறேன். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். தாராபுரத்திலிருந்து எங்களிடம் வருவது பெரிய தூரமில்லை, ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று தெரியாது. ஒசூரிலிருந்து சேஸிஸை, அதாவது இன்ஜினும் சக்கரமும் மட்டும் உள்ள அடிச்சட்டத்தை, வெறுமனே ஓட்டிக்கொண்டு வருவார்கள், கூரையும் கிடையாது கதவும் கிடையாது, டிரைவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார், பைபாஸில் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் சதுரக் குழாயில் கூடு கட்டி வெல்டிங் அடிப்போம். பக்கவாட்டுத் தகட்டை ஒரு முனையில் வெல்டு வைத்து மறு முனையில் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஒட்டுவோம், ஸ்ட்ரெட்ச் பேனல் என்று பெயர், அந்த இழுவை சரியாக விழாவிட்டால் பெயிண்ட் அடித்த பிறகு வெயிலில் வண்டி நெளிநெளியாகத் தெரியும். அப்புறம் ஒயரிங், சீட்டு, கண்ணாடி. இஷ்டத்துக்குக் கட்ட முடியாது, ஏ.ஐ.எஸ். 052 என்று பஸ் பாடிக்கு விதிமுறை இருக்கிறது, ஸ்லீப்பர் என்றால் 119. எமர்ஜென்சி கதவு எங்கே, படி எவ்வளவு உயரம், எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து கம்ப்யூட்டரில் வரைந்து அனுமதி வாங்குவதுதான் என் வேலை.

படிப்பு என்றால் பி.இ. ஆட்டோமொபைல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இருக்கிறது. ஈரோட்டில் முன்பு ஐ.ஆர்.டி.டி. என்று இருந்த காலேஜ் இப்போது அரசு பொறியியல் கல்லூரி, போக்குவரத்துக் கழகத்துக்காரர்களின் பணத்தில் வளர்ந்த காலேஜ் அது. பி.இ. வேண்டாம் என்றால் பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், இது நிறையப் பேருக்குத் தெரியாது. டிப்ளமோ ஆட்டோமொபைலோ மெக்கானிக்கலோ முடித்து, ஒர்க்‌ஷாப் அனுபவமும் லைசென்ஸும் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. மூலம் மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கும் எழுதலாம். போக்குவரத்துக் கழகங்களில் அப்ரெண்டிஸ் எடுப்பார்கள், தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரெண்டிஸ் வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஷெட்டில் சூடு, தூசி, சத்தம், மூன்றும் உண்டு. அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கட்டாஃப் கணக்குப்பிள்ளை:

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் மில் ஷிப்ட் சம்பளத்தில் ஓடும் வீட்டில் ஆர்வத்தைத் தேடிப் பயணம் போக எத்தனை வருஷம் இருக்கிறது? வசதியுள்ள வீட்டுப் பையன் ஒரு டிகிரி சரிவரவில்லை என்றால் இன்னொன்று படிப்பான். இவனுக்கு ஒரு தடவைதான். அதனால் எந்தப் படிப்பு பின்னால் அதிகக் கதவுகளைத் திறந்து வைக்குமோ அதில் சேர்க்க வேண்டும் என்பேன். பதினேழு வயதுப் பையனின் விருப்பத்தை நம்பி ஆட்டோமொபைல் மாதிரி ஒடுக்கமான பிராஞ்சில் போடுவதற்குப் பதில் மெக்கானிக்கல் போட்டால் பஸ்ஸுக்கும் போகலாம், பம்பு கம்பெனிக்கும் போகலாம்.

கணக்கைப் பார்ப்போம். கணக்கு மார்க் முழுசாக 84, அதோடு இயற்பியலில் பாதி 39, வேதியியலில் பாதி 42. கட்டாஃப் 165. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியலுக்கு இது 2021-இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் இரண்டையும் அரசே கட்டும். பொதுப்பிரிவில் 165-க்கு எட்டாத சில காலேஜ்கள் இந்த வழியில் எட்டும், பொதுக் கவுன்சிலிங்கிலும் கலந்துகொள்ளலாம். போதாததற்கு அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆக பணத்துக்குப் பயந்து ஏதோ ஒரு காலேஜில் சேர வேண்டிய நிலைமை உங்களுக்கு இல்லை, இதை அப்பாவிடம் முதலில் புரிய வையுங்கள்.

இன்னொரு விஷயம், சாய்ஸ் ஃபில்லிங்கை, அதாவது கவுன்சிலிங்கில் காலேஜ்களை வரிசைப்படுத்திக் கொடுப்பதை, பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாதீர்கள். "இது நமக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவு பண்ணி, வேண்டும் என்கிற காலேஜைக் கீழே தள்ளாதீர்கள். மேலிருந்து கீழே பார்த்து உங்கள் ரேங்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத்தான் சிஸ்டம் கொடுக்கும், மேலே ஆசையை வைப்பதால் கீழே இருப்பது போய்விடாது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு அதற்கு மேலே இருப்பதற்கு காத்திருக்கவும் வழி இருக்கிறது.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:

கணக்குப்பிள்ளை சொன்ன பணக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் "அதிகக் கதவு" என்று சொல்லிச் சொல்லித்தானே ஊரே ஒரே பிராஞ்சில் போய் நிற்கிறது. அரியர் வைத்துக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களுக்கு எந்தக் கதவு திறந்தது? பிடிக்காததை நாலு வருஷம் இழுத்துக்கொண்டு போவதும் செலவுதான்.

திருப்பூர் அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதலில் தரவில்லை, அப்பா மில்லுக்குப் போன பிறகு கொடுத்தான். நான் நினைத்த மாதிரி அதில் இன்ஜின், பாடி என்று அதிகமாக எதுவும் இல்லை. கரூர் அண்ணா சொன்னதைப் படித்துக் காட்டினேன், "நல்லா இருக்கு" என்றான், கண்ணில் பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை.

நோட்டு முழுக்க நேரம்தான். எங்கள் ஸ்டாப்பில் 7.40-க்கு ஒரு கவர்மெண்ட் பஸ், அதை ஒட்டியே 7.45-க்கு ஒரு பிரைவேட், அதற்கப்புறம் 8.35 வரை எதுவும் கிடையாது. ஸ்கூல் பிள்ளைகள் 7.40-இல் தொங்கிக்கொண்டு போவார்கள், பின்னால் வருகிற வண்டி பாதி காலி. இவன் 7.45-ஐ 8.05-க்குத் தள்ளினால் எந்தெந்த ஊரில் எவ்வளவு பேர் ஏறுவார்கள் என்று ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான், தாராபுரத்தில் அது எந்த வண்டிக்கு இணைப்பு கொடுக்கும் என்பதையும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறான். யாருக்காகடா இது என்றால் "சும்மாதான்" என்கிறான். இதற்கு ஏதாவது படிப்பு இருக்கிறதா?

ஒரகடம் ரூட்:

இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள் அக்கா, நான் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான். கார் கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் கொண்டுபோகும் லாரிகளுக்கு ரூட்டும் நேரமும் போடுகிறேன், எந்த லாரி எந்த கேட்டில் எப்போது நிற்க வேண்டும் என்பதுதான் நாள் முழுக்க. சின்ன வயதில் நானும் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ரூம் வாசலில் நின்ற ஆள்தான்.

உங்கள் தம்பி பார்த்தது தொழிலில் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிரச்சினை. இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருவதும் பின்னால் நீளமாக இடைவெளி விழுவதும் உலகம் முழுக்க இருக்கிறது, நம் ஊரில் கவர்மெண்ட் - பிரைவேட் போட்டியும் சேர்ந்துகொள்ளும். பிரைவேட் பஸ்ஸின் நேரத்தை ஓனர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அது ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட்டோடு (வழியில் ஆள் ஏற்றி இறக்கும் ரூட் பஸ்ஸுக்கான அனுமதி) வருவது. ஆர்.டி.ஓ. ஆபீசில் டைமிங் கான்ஃபரன்ஸ் என்றே ஒன்று நடக்கும், ஐந்து நிமிஷத்துக்காக இரண்டு ஓனர்கள் அங்கே மல்லுக்கட்டுவார்கள்.

அதனால் ஆட்டோமொபைலை விடுங்கள் (கரூர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது). எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. சிவில் படித்துவிட்டு மேற்படிப்பில் டிரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியரிங், கிண்டியில் இருக்கிறது. சிவில் என்றால் கட்டிடம் மட்டும்தான் என்று நம் ஆட்கள் நினைப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை, மெட்ரோ ரயில், சென்னையில் கும்டா (நகரப் போக்குவரத்தைத் திட்டமிடும் அரசு அமைப்பு) மாதிரி இடங்களில் இந்தப் படிப்புக்குத்தான் வேலை. இரண்டாவது பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சென்னை மாநிலக் கல்லூரியில் (பிரசிடென்சி) உண்டு, தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் உண்டு. மூன்றாவது மாமா சொன்ன அதே சி.எஸ்.இ., ஆனால் இந்தப் பிரச்சினையை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது. ஷெட்யூலிங் என்பது கடைசியில் கணக்கும் புரோகிராமும்தான். கணக்கில் 84 எடுத்தவனுக்கு மூன்றுமே கைக்கு எட்டும், ஆனால் கணக்கு அவனுக்கு வருகிறதா, இல்லை மார்க்குக்காகப் படித்தானா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு உண்மையிலேயே பிடிக்கிறது என்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இல்லாவிட்டால் சிவில். இது என் கருத்து.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? ஜி.டி.எஃப்.எஸ். என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் நேரங்களை மேப் ஆப்புகளுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்கும் முறை, அமெரிக்காவில் போர்ட்லண்டில் 2005-இல் ஆரம்பித்தார்கள், இப்போது உலகம் முழுக்க அதுதான்.

திருப்பூர் அக்கா:

அக்கா போனில் தம்பி எழுதுகிறேன். அண்ணா, ஜி.டி.எஃப்.எஸ். பார்த்தேன். கம்ப்யூட்டர் இல்லை, அக்கா ஆபீஸ் லேப்டாப் சனிக்கிழமை கிடைக்கும். தாராபுரத்துக்கு நானே செய்யலாமா, கவர்மெண்ட் பர்மிஷன் வேணுமா? எங்க ஸ்டாப்புக்கு பேரே மேப்ல இல்ல. கணக்கு எனக்கு பிடிக்கும், ப்ராபபிலிட்டி மட்டும் நல்லா வரும், இன்டகரேஷன் அவ்வளவா வராது.

ஒரகடம் ரூட்:

தம்பி, பழகுவதற்கு உன் கையால் செய்ய யார் பர்மிஷனும் வேண்டாம். எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், எக்செலில் திறக்கலாம். ஸ்டாப்புகளுக்கு ஒன்று, ரூட்டுக்கு ஒன்று, ட்ரிப்புக்கு ஒன்று, எந்த ஸ்டாப்பில் எத்தனை மணி என்பதற்கு ஒன்று, எந்தெந்த நாள் ஓடும் என்பதற்கு ஒன்று. முழு தாராபுரத்தையும் எடுக்காதே, உன் ஸ்டாப் வழியாகப் போகும் ஒரே ஒரு ரூட். ஸ்டாப்பின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும், பஸ்ஸில் போகும்போது போனில் குறித்துக்கொள். பெயர் இல்லாத ஸ்டாப்பை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீயே சேர்க்கலாம், அக்கவுண்ட் இலவசம்.

ப்ராபபிலிட்டி வரும் என்றாயே, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சிலபஸை மாநிலக் கல்லூரி வெப்சைட்டிலிருந்து எடுத்து முதல் செமஸ்டரை மட்டும் படித்துப் பார். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் தனி, பொறியியலோடு குழப்பிக்கொள்ளாதே, இரண்டுக்கும் போட்டு வை. கடைசித் தேதியை அக்காவிடம் சொல்லி நோட்டில் குறித்துக்கொள்.

கரூர் பாடி ஷெட்:

கோபமெல்லாம் இல்லை. ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டே போகட்டும், 7.45 பிரைவேட் வண்டி எங்கள் ஊரில் கட்டினதாகத்தான் இருக்கும்.