புதுப்பிப்பு: மார்பக அறுவைக்குப் பிறகு பிராவுக்குள் வைக்கும் பஞ்சுத் திண்டு மேலே ஏறுவது நின்றது

ஒரு பக்க மார்பகம் முழுதும் எடுத்த பிறகு, கையைத் தூக்கினாலே பஞ்சுத் திண்டு கழுத்துப் பக்கம் ஏறிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது தையல் தெரிந்த அக்கா சொன்ன வழிதான்: எடை கொடுத்து, உள்ளே பை தைப்பது. பஞ்சுக்கு எடை இல்லாததால்தான் ஏறுகிறது. துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியில், அக்குள் பக்கம் வாய் வைத்து, கப்பின் உட்புறம் பை தைத்தோம். திண்டின் அடிப்பகுதியில், நெஞ்சை ஒட்டி, சிறு கண்ணாடி மணிகளை இரட்டைத் தையல் போட்ட துணிப்பையில் வைத்தோம். 100 கிராமில் தொடங்கி, இரு தோள்பட்டையும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை கூட்டினால் போதும். கேழ்வரகு, அரிசி வேண்டாம். வியர்வையில் பூசணம் பிடிக்கும்.

திண்டை ஊக்கால் பிராவோடு குத்திவைக்கும் யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தழும்பைச் சுற்றி மரத்துப் போயிருக்கும், குத்தினாலும் தெரியாது.

எதிர்பாராதது: திண்டு நின்ற பிறகும் ஜாக்கெட் கழுத்து அந்தப் பக்கம் தூக்கியே நின்றது. மார்பின் மேல்பகுதிச் சதையும் போயிருப்பதுதான் காரணம். காறை எலும்பை நோக்கி மெலிந்துபோகும் பஞ்சு அடுக்கு ஒன்று சேர்த்ததும் படிந்துவிட்டது.

புண் முழுதும் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகே எடை சேருங்கள். கதிர்வீச்சு நடக்கும்போது வெறும் மென்பஞ்சு மட்டும். பிராவின் தோள் பட்டை அகலமாக இருக்கட்டும். தோளில் பள்ளம் விழுந்தாலோ கை வீங்கினாலோ உடனே காட்டுங்கள்.