கார்பதோஸ் தீவின் ஒலிம்போஸ் ஊரில்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

கிரேக்க நாட்டில் கிரீட், ரோட்ஸ் தீவுகளுக்கு இடையே உள்ள கார்பதோஸ் தீவின் வடபகுதியில், மலைமுகட்டை ஒட்டி அடுக்கடுக்காக வீடுகள் அமைந்த ஒலிம்போஸ் என்னும் ஊருக்கு, ஆகஸ்டு 15 அன்று வரும் அன்னை மரியாவின் துயில் திருநாளையொட்டிச் சென்றிருந்தேன். வழிபாடும் ஊர்ப்பந்தியும் முடிந்தபின் ஆண்கள் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்தனர். கச்சேரி தொடங்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். அது எத்தனை தவறான எண்ணம் என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

லீரா என்பது பேரிக்காய் வடிவில் மரத்தைக் குடைந்து செய்த மூன்று தந்திக் கருவி. அதை முழங்காலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தந்தியை மேலிருந்து அழுத்தாமல் நகத்தால் பக்கவாட்டில் தொட்டு வாசிக்கிறார்கள். வில்லில் சிறு மணிகள் கோத்திருப்பதால், இழுக்கும் கையே தாளமும் போட்டுவிடுகிறது. துணைக்கு லாவுத்தோ என்னும் நீள்கழுத்து வீணையும், ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி ஊதும் சம்பூனாவும் இருந்தன.

ஆனால் அங்கே இசை பேச்சுக்கு விரித்த பாய் மட்டுமே. பாடப்படுபவை மந்தினாதா எனப்படும் ஈரடிப் பாடல்கள். அடிக்குப் பதினைந்து அசை, ஈற்றில் இயைபு. ஒருவர் அந்த இடத்திலேயே கட்டிப் பாட, மற்றவர்கள் அந்த அடியைத் திருப்பிப் பாட, எதிரில் இருப்பவர் அதே பொருளில் பதில் கட்டுகிறார். பல ஆண்டுகள் அமெரிக்காவின் பால்டிமோரில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த பெரியவர் ஒருவர் என் காதில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆண்டு இறந்துபோன அண்ணனின் நாற்காலியைப் பற்றி ஒருவர் பாடியபோது, பாடியவரும் கேட்டவர்களும் கூச்சமின்றி அழுதனர். படம் பிடிக்க உயர்த்திய கைப்பேசியை நான் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். நள்ளிரவுக்குப் பின்னரே இளையவர்கள் கைகோத்து, காத்தோ ஹோரோஸ் என்னும் மெதுவான ஆட்டத்தைத் தொடங்கினர். அது வேகமான பானோ ஹோரோஸாக மாறுவதற்குள் எனக்குக் கால் மரத்துப்போயிற்று.

இரண்டாம் பகிர்வு

மேலே எழுதியவர் பந்தியை ஒரே வரியில் கடந்துவிட்டதால், நான் அடுப்படியிலிருந்து எழுதுகிறேன். நான் தங்கிய வீட்டு அம்மையார் மக்கரூனெஸ் என்னும் பாஸ்தா செய்யக் கற்றுக்கொடுத்தார். மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே சேர்த்துப் பிசைந்து, கயிறுபோல உருட்டி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திக் குழி விழச் செய்ய வேண்டும். அந்தக் குழியில்தான், வெந்தபின் மேலே கொட்டும் பொரித்த வெங்காயமும் சீஸும் தங்கும். வெங்காயம் கருகும் விளிம்புவரை சிவக்க வேண்டும் என்பதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. என் துண்டுகள் தட்டையாக இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். ஆயினும் தனியே ஒதுக்காமல் தம்முடையவற்றோடு சேர்த்தே வேகவைத்தார். ரொட்டியைத் தெருவோர விறகு அடுப்பில் சுடுகிறார்கள். ஈஸ்டர் திருநாளுக்கு, அரிசி அடைத்த ஆட்டுக்குட்டியை அதே அடுப்பில் வைத்து, அடுப்பின் வாயை மூடி இரவெல்லாம் வேகவிடுவார்களாம். நான் சென்றது இலையுதிர் காலம் என்பதால் அதைக் கேட்க மட்டுமே முடிந்தது.

மூன்றாம் பகிர்வு

என்னுடன் வந்தவர்கள் சொன்ன ஒன்றுக்குச் சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். பூவேலை செய்த உடையும் தோல் காலணியும் அணிந்த பெண்களைக் கண்டு, எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான வேடம் என்று அவர்கள் முணுமுணுத்தனர். கடைவாசலில் நிற்பவர்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சுமையுடன் வயலிலிருந்து திரும்பிய மூதாட்டியும் அதே காலணியைத்தான் அணிந்திருந்தார். திருவிழாவில் மணமாகாத பெண்களின் மார்பில் வரிசையாகத் தொங்கும் பொற்காசுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. இவ்வூர் வழக்கப்படி தாயின் சொத்து மூத்த மகளுக்கும், தந்தையின் சொத்து மூத்த மகனுக்கும் சேரும். கானகாரா எனப்படும் அந்த மூத்த மகளின் காசுகள் அவள் கொண்டுவரும் உடைமையை ஊரறியச் சொல்பவை. இளைய தங்கைகளின் நிலை என்ன என்று கேட்டேன். அந்த மூதாட்டி தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, சுமையை மீண்டும் தோளில் ஏற்றிக்கொண்டார்.