மலிவு பிரேக் பட்: எப்பிடிப் பார்த்து வாங்கிறது?

வணக்கம் உறவுகளே. நான் மாங்குளம். பழைய டவுன்ஏஸ் வான் ஓடுறன், கூடுதலா ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கம். போன மாதம் முன் பிரேக் பட் மாத்தேக்க கடையில ரெண்டு விலையில காட்டினவை. மலிவானதை எடுத்தது என்ர பிழைதான். இப்ப மிதிச்சால் கீச்செண்டு கத்துது, ரிம் முழுக்கக் கறுப்புத் தூள். கழட்டிப் பார்த்தால் இரும்புத் தகட்டுக்கும் பட்டுக்கும் இடையில நகம் போற அளவுக்கு வெடிப்பு. டிஸ்கிலயும் கோடு விழுந்திட்டுது. பெட்டி மட்டும் அசல் ஜப்பான் பெட்டி மாதிரி!

பட் விளிம்பில எஃப் எஃப், ஜி ஜி எண்டு ரெண்டு எழுத்து இருக்குமாம். முதலாவது சாதாரண சூட்டில, ரெண்டாவது நல்லாச் சூடேறின பிறகு எவ்வளவு பிடிக்கும் எண்டதைக் காட்டுமாம். எஃப் எண்டால் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின்ர அளவு, 0.35 - 0.45. என்ரதில ஒரு எழுத்தும் இல்லை. ஆனா பெட்டியையே அச்சடிக்கிறவனுக்கு ரெண்டு எழுத்து அடிக்கிறது பெரிய வேலையோ?

கராச் வேலை தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ: கடையில கையில வச்சே எதைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம்? கிளிநொச்சி, வவுனியாவில நம்பி வாங்கலாமோ, கொழும்பில வாகன உதிரிப்பாகக் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குத்தான் போகவேணுமோ? டிஸ்கை லேத்தில போட்டு எடுத்தால் காணுமோ, இல்லாட்டி புதுசுதான் போடோணுமோ? காலமை பள்ளிக்கூடப் பிள்ளையளையும் ஏத்திற வான், அதுதான் அவசரம்.