சேலத்தில் குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவணும்: எங்கிருந்து தொடங்குவது?

அஸ்தம்பட்டி_ஆடிட்
வணக்கம். புதன், வெள்ளி மதியமும் ஞாயிறு முழுதும் நேரம் இருக்கு. ஸ்கூட்டர் இருக்கு. கணக்கு எழுதுற வேலை, கவுன்சலிங் படிச்சதில்லை. வீட்டுல அடி உதை தாங்காம வெளிய வர்ற பெண்கள், பிள்ளைகளுக்கு என்னை மாதிரி ஒரு ஆண் என்ன செய்ய முடியும்? யார்கிட்ட பேர் கொடுக்கணும்? பக்கத்து வீட்டுல தினமும் சத்தம் கேட்டா நேரா போய்க் கதவைத் தட்டலாமா? ஏற்காடு எஸ்டேட் பக்கம் போய்வரவும் தயார்.

கோர்ட்டுவாசல்
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: தட்டாதீங்க. நீங்க ஞாயம் கேட்டுட்டுத் திரும்பினதும் "ஊரைக் கூட்டுறியா"ன்னு அந்தப் பொண்ணுக்குத்தான் மறுபடி விழும். அடி நடந்துட்டு இருந்தா அவசர உதவி எண் 112. மத்த நேரத்துல, அவங்க தனியா இருக்கும்போது உங்க வீட்டுப் பெண்கள் யாராவது பெண்கள் உதவி எண்ணான 181-ஐ வாய்வார்த்தையா சொன்னா போதும். துண்டுச் சீட்டு, வாட்ஸப் எதுவும் வேண்டாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ம் பிரிவுப்படி யார் வேணும்னாலும் பாதுகாப்பு அலுவலருக்கு (பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ அந்தச் சட்டப்படி அரசு நியமிச்சவர்) தகவல் தரலாம். நல்லெண்ணத்துல சொன்னவர் மேல வழக்கு வராது. ஆனா அந்தப் பெண்ணோட சம்மதம் இல்லாம செஞ்சா, அடி எப்ப விழும்னு கணிச்சு வெச்சிருக்கிற அவங்க ஏற்பாட்டையே நீங்க குலைச்சிடலாம். குழந்தைக்குப் பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா மட்டும் இந்தத் தயக்கமே கூடாது. போக்சோ சட்டப்படி தகவல் தர்றது கட்டாயம்.

பேர் கொடுக்க ரெண்டு இடம். ஒண்ணு, கோர்ட்டு வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. சட்டத் தன்னார்வலர்களுக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கணும், பயிற்சி அவங்களே தருவாங்க. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச வக்கீல் தர்றதும் அவங்கதான் (உதவி எண் 15100). ரெண்டாவது, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகம். ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு (வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவுற அரசு மையம்) என்ன ஆள், என்ன பொருள் தேவைன்னு அங்க கேளுங்க. தங்குற இல்லம் எங்க இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க, அது வெளிய தெரியக் கூடாது.

இன்னொண்ணு, போலீஸ் புகார் இல்லாம எதுவும் நடக்காதுன்னு பலர் நினைக்கிறாங்க. தப்பு. பாதுகாப்பு அலுவலர் நடந்த கொடுமையைக் குடும்ப நிகழ்வு அறிக்கையா எழுதி, அதே சட்டத்தோட 12-ம் பிரிவுல மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம். பாதுகாப்பு, குடியிருப்பு, செலவுத்தொகை, பிள்ளைகளை வெச்சுக்கிறது எல்லாமே அதே மனுவுல கேட்கலாம். வீடு புருஷன் பேர்ல இருந்தாலும், வாடகை வீடானாலும் 17-ம் பிரிவுப்படி அங்க குடியிருக்க உரிமை உண்டு. ஆத்தூர்ல அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்கன்னா ஆத்தூர்லயே மனு போடலாம். முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில வாய்தா இழுக்கும், அதனால 23-ம் பிரிவு இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்க வக்கீலுக்கு ஞாபகப்படுத்தணும்.

செவ்வாய்ப்பேட்டை_அக்கா
தம்பி, கணக்கு தெரியும்னீங்களே, அதுதான் எங்களுக்கு வேணும். கண்ணீர் துடைக்க ஆள் கிடைக்குது, பில்லு அடுக்க ஆள் கிடைக்கறதில்ல.

செலவுத்தொகை கேட்கிற வழக்குல ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டி பிரமாணப் பத்திரம் தரணும்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. புருஷன் மாசச் சம்பளக்காரர்னா சுலபம். நம்ம ஊர்ல வெள்ளிப் பட்டறை, தறி, லாரின்னு கையில காசா வாங்குறவங்க. "வருமானமே இல்லை"ன்னு எழுதிடுவாங்க. அப்ப தேட வேண்டியது இதெல்லாம்: தறிக்கூடத்துக்கு எந்தப் பேர்ல கரண்ட் கனெக்‌ஷன், எத்தனை தறி ஓடுது, கடை போர்டுல இருக்கிற ஜிஎஸ்டி நம்பர், வண்டி ஆர்.சி., வீட்டுக்கடன் தவணை, பிள்ளைகளோட பள்ளிக் கட்டண ரசீது. மாசம் 9,000 தவணை கட்டுறவர் 6,000 சம்பாதிக்கிறேன்னா ஜட்ஜே கேட்பார். அந்தப் பெண்ணோட செலவுப் பட்டியலையும் பொத்தாம் பொதுவா எழுதாம பால், வாடகை, மாத்திரை, வேன் கட்டணம்னு தனித்தனியா, ரசீதோட வையுங்க. கூட்டி எழுதினா எதிர்த்தரப்பு ஒரே வரியில அடிச்சிடும்.

ஆணா இருக்கிறதால ஒரு எச்சரிக்கை: ஸ்கூட்டர்ல ஏத்திட்டுப் போகாதீங்க. பதில் மனுவுல "இவனோட தொடர்பு"ன்னு வந்து நிக்கும். ஆட்டோ, கூட ஒரு பெண் தன்னார்வலர். உங்க சொந்த நம்பரையும் அவங்க போன்ல சேமிக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி: காயம்னா மோகன் குமாரமங்கலம் ஜி.எச். அவசரப் பிரிவு. டாக்டர் விபத்துப் பதிவேட்டுல, அதான் ஏ.ஆர்., நோயாளி சொல்றதைத்தான் எழுதுவார். மாமியார் பக்கத்துல நின்னா "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்"னு வரும். ஒரு வருசம் கழிச்சு கோர்ட்டுல அந்தக் காகிதம்தான் பேசும். "எக்ஸ்ரேக்கு ஒருத்தர்தான்"னு சொல்லி நர்ஸ் மூலமா ரெண்டு நிமிசம் தனியா விட வையுங்க. நீங்க அவங்களுக்காகப் பேசாதீங்க. ஏ.ஆர். நம்பரும் தேதியும் குறிச்சுக்கோங்க. கழுத்தை நெரிச்சிருந்தா வெளிய தடமே இல்லைன்னாலும் விடாதீங்க: குரல் கம்மியிருக்கா, முழுங்க வலிக்குதா, கண்ணுல சிவப்புப் புள்ளி இருக்கான்னு டாக்டர்கிட்ட சொல்ல வையுங்க. உள்வீக்கம் மணிக்கணக்கு கழிச்சும் மூச்சை அடைக்கும். கன்றிப்போன காயம் அடுத்த ரெண்டு நாள்லதான் நல்லாத் தெரியும், அதனால மறுபடி போட்டோ. முகம் தெரிய ஒண்ணு, காயத்தோட அளவு தெரிய ஒரு ரூபாய் காசு பக்கத்துல வெச்சுக் கிட்டத்துல ஒண்ணு.

மலைக்காப்பி
ஏற்காடுக்கு மட்டும் சொல்றேன். சேலத்து வேகம் இங்க செல்லாது. எஸ்டேட் லைன் வீடு (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வேலையோட ஒட்டினது. புருஷன் பேர்ல பதிவு, அடுத்த சுவர் அவன் அண்ணன் வீடு. அந்தப் பொண்ணு பஸ் ஏறினா அது மலை இறங்குறதுக்குள்ள செய்தி போயிடும், கண்டக்டரும் சொந்தக்காரர். ஆஸ்பத்திரி, பிள்ளைக்குத் தடுப்பூசின்னு வழக்கமா கீழ போற நாள்லயே கிளம்பணும். கடைசி பஸ்ஸை நம்பி எதையும் போடாதீங்க. மழையில 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைச்சா குப்பனூர் வழிதான். பல கிராமத்துல சிக்னல் கிடையாது, "போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வர்றது உதவியில்ல. கிராம நர்ஸ், அங்கன்வாடி ஆயா இவங்ககிட்ட பேசி வையுங்க. ஊர்ப் பெரியவங்க பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டா தன்னார்வலர் உட்காரவே கூடாது. உட்கார்ந்தா நீங்களும் தீர்ப்புக்குச் சாட்சி.

ஏற்காடு மாவட்ட எஸ்.பி. எல்லை, சேலம் மாநகரம் கமிஷனர் எல்லை. போலீஸ் புகார் மனுவைத் தப்பான இடத்துல கொடுத்தா ஒரு நாள் போச்சு. எங்க கொடுத்தாலும் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வாங்கினதுக்குப் போலீஸ் தர்ற சீட்டு) வாங்காம வெளிய வராதீங்க.

அஸ்தம்பட்டி_ஆடிட்
நன்றிங்க. பிரமாணப் பத்திர வேலை என்னால முடியும். சேவை மையத்துல 5 நாள்தான் தங்க முடியும்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம்? பொருளா என்ன வாங்கித் தரலாம்?

செவ்வாய்ப்பேட்டை_அக்கா
5 நாளுக்கப்புறம் தங்கும் இல்லம், இல்லைன்னா வாடகை அறை. பழைய சேலை மூட்டை கொண்டுவராதீங்க, அங்க இடமில்ல. ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைக்கு: புது நைட்டி 2, உள்ளாடை ஆளுக்கு 3, செருப்பு (அளவு கேட்டு), நாப்கின் 2 பாக்கெட், துண்டு 3, பூட்டு சாவி ஒண்ணு. பூட்டை எல்லாரும் மறப்பாங்க. அறை பார்த்துட்டா முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டை காட்டி வாங்குற 5 கிலோ சிலிண்டர், ஒத்தை அடுப்பு.

அதுக்கும் முன்னாடி ஆதார். அதுல இருக்கிறது புருஷனோட போன் நம்பர்னா எந்த ஓடிபியும் அவன் கைக்குத்தான் போகும், எந்த ஆபீஸ்ல நிக்கிறாங்கன்னு வீட்டுல உட்கார்ந்தே தெரிஞ்சுக்குவான். நம்பர் மாத்தக் காகிதம் எதுவும் வேண்டாம், அவங்களே ஆதார் மையத்துக்கு வந்து கைரேகை வெச்சா சரி. அடுத்து தனிக் கணக்கு. உரிமைத் தொகை வர்ற கணக்கோட ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. போன்ல வாட்ஸப் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பார்த்து, தெரியாதது இருந்தா உடனே நீக்காதீங்க. அவங்க பத்திரமான இடத்துக்கு வந்தப்புறம் நீக்குங்க, முன்னாடியே நீக்கினா அவனுக்கு உறைக்கும்.

பள்ளி: டி.சி. வரலைன்னு 8-ம் வகுப்பு வரைக்கும் சேர்க்க மறுக்க முடியாது. ஆனா எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) பழைய பள்ளிதான் பேரை விடுவிக்கணும், அந்த டீச்சர் சும்மா பேச்சுவாக்குல அப்பாகிட்ட சொல்லிடுவாங்க. பாதுகாப்பு அலுவலர் வழியா தலைமையாசிரியர்கிட்ட முன்கூட்டியே பேசச் சொல்லுங்க. புதன் மதியம் வர்றதா இருந்தா முதல்ல சமூக நல அலுவலகத்துல எழுதிக் கொடுத்துட்டு வாங்க, தம்பி. அவங்க சொல்லாம எந்தக் குடும்பத்தோட பேரும் உங்களுக்குத் தர மாட்டோம்.